தணிக்கை முடிந்த பின் வந்த தடை

2006 மே மாதம் தமிழகத்தில் புதிய ஆட்சி அமைந்தது. முதல்வர் நாற்காலியில் கருணாநிதி அமர்ந்த சில வாரங்களிலேயே ஒரு ஆங்கிலப் படத்துக்கு மாநிலம் முழுவதும் தடை விழுந்தது. டான் பிரவுன் நாவலை வைத்து ரான் ஹோவார்ட் எடுத்த ‘தி டாவின்சி கோட்’தான் அந்தப் படம்.

படத்தில் இயேசு கதாபாத்திரமாகப் பேசுவதே இல்லை. ஒரு பிரபுவின் மாளிகையில் மூன்று பேர் உட்கார்ந்து டாவின்சியின் இராவுணவு ஓவியத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்கிறார்கள். இயேசுவுக்குப் பக்கத்தில் இருப்பவர் சீடர் யோவான் என்று திருச்சபை காலங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறது. “இல்லை, அது மகதலேனா மரியாள், அவர் இயேசுவின் மனைவி” என்கிறது படம். கிறிஸ்தவர் வீட்டுச் சாப்பாட்டு அறைகளில் தொங்கும் அதே ஓவியத்தின் மேல் கை வைத்தால் மனம் புண்படத்தான் செய்யும். அந்த வருத்தத்தை யாரும் கேலி செய்யத் தேவையில்லை.

கேள்வி வேறு. மத்தியத் தணிக்கை வாரியம் அந்தப் படத்தைப் பார்த்து, ‘ஏ’ சான்றிதழ் கொடுத்து, இது கற்பனைக் கதை என்ற அறிவிப்பையும் சேர்க்கச் சொல்லிய பிறகுதான் வெளியீட்டுக்கு அனுமதித்தது. தடை கேட்டு உச்ச நீதிமன்றம் போனவர்களுக்கும் அங்கே பலன் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகும் அமைதி கெடலாம் என்று சொல்லி ஒரு மாநில அரசு படத்தை நிறுத்தலாமா?

படத்தை வெளியிட்ட சோனி நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் தடையை ரத்து செய்தார். அவருக்குக் கைகொடுத்த முன்தீர்ப்பு ஒரு தமிழ்ப் படத்தால் வந்தது. இடஒதுக்கீட்டை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ வழக்கில், 1989இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருந்தது: ஆர்ப்பாட்டம் நடக்கும், வன்முறை வெடிக்கும் என்ற மிரட்டலுக்குப் பணிந்து பேச்சுரிமையை ஒடுக்கக் கூடாது, மிரட்டுபவரை அடக்குவதுதான் அரசின் வேலை. ஆந்திராவிலும் இதே படத்தின் தடை உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தமிழ்நாடு திரைப்பட ஒழுங்குமுறைச் சட்டம் வங்கக் கடலைத் தாண்டாது. அந்தமானின் சிப்பிகாட்டில் குடியிருக்கும் தமிழரை அந்த அரசாணை கட்டுப்படுத்தாது. அது யூனியன் பிரதேசம், கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் எல்லை. மதுரையில் இருக்கும் அண்ணனின் விசுவாசம் ஆட்டம் காணும், சிப்பிகாட்டில் இருக்கும் தம்பியின் விசுவாசம் அசையாதா?

உண்மையில், எந்தப் படம் பக்தியைக் குலைக்கும், எது வளர்க்கும் என்று முன்கூட்டியே சொல்ல யாராலும் முடிந்ததில்லை. மார்க்சியரும் நாத்திகருமான பசோலினி 1964இல் மத்தேயு நற்செய்தியைப் படமாக்கினார். இயேசுவைப் பற்றி வந்தவற்றிலேயே சிறந்த படம் என்று 2014இல் அதைப் பாராட்டியது வத்திக்கானின் நாளிதழ். ‘பாசமலர்’ எடுத்த பீம்சிங் தெலுங்கில் எடுத்த ‘கருணாமயுடு’ 1978இல் வெளிவந்தது. ஊழியக்காரர்கள் அதைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோய்த் திரையிட்டார்கள். மறுபக்கம், ஸ்கோர்செஸியின் ‘தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிறைஸ்ட்’ ஓடிய பாரிஸ் திரையரங்கு 1988இல் கொளுத்தப்பட்டது. கொளுத்தியவர்கள் தங்களை விசுவாசிகள் என்றே சொல்லிக்கொண்டார்கள். மூல நாவல் எழுதிய கசன்ட்சாகிஸோ வாழ்நாளெல்லாம் கிறிஸ்துவைத் தேடித் தவித்த மனிதர்.

2006இல் திமுக செய்ததைத்தான் 2013இல் ‘விஸ்வரூபம்’ படத்துக்கு அதிமுக செய்தது. அப்போது மனு கொடுத்தவர்கள் முஸ்லிம் அமைப்பினர், கையாண்டது 144 தடை உத்தரவு. ஆட்சி மாறியது, மதம் மாறியது, பழக்கம் மட்டும் அப்படியே இருந்தது. மனு கொடுப்பவரை மகிழ்விப்பது எந்த அரசுக்கும் செலவில்லாத காரியம். அரங்குக்குப் பாதுகாப்பு கொடுப்பதுதான் சிரமம்.

ஒரு படம் தங்களை இழிவுபடுத்துகிறது என்று நினைப்பவர்கள் பார்க்காமல் இருக்கலாம், மறுப்பு எழுதலாம், கறுப்புக்கொடி காட்டலாம், வழக்கும் போடலாம். சான்றிதழ் பெற்ற படத்தை நிறுத்தச் சொல்லி மனுவோடு கோட்டைக்கு வருகிறவர், எந்த மதத்தவராக இருந்தாலும் சரி, அவருக்கு நீதிமன்றத்தின் வழியைக் காட்டிவிட்டு, அரங்கின் வாசலில் போலீஸை நிறுத்துவதே அரசு செய்ய வேண்டியது.