அட்டைதானே?

அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கதை என்றால் மேலட்டையில் வெடித்த நிலம் இருந்தாக வேண்டும் என்று யாரோ விதித்திருக்கிறார்கள். நண்பர் ஒருவரின் நாவல் சமீபத்தில் மறுபதிப்பாக வந்தது. முதல் பதிப்பின் அட்டையில் கையால் எழுதிய தலைப்பும் நாலைந்து கோடுகளும்தான். புதிய அட்டையில் பாளம் பாளமாய்ப் பிளந்த தரை, ஓரத்தில் முகம் சுருங்கிய ஒரு கிழவி. நாவலில் கிழவியே இல்லை. கதை நடப்பது ஐப்பசியில். பக்கத்துக்குப் பக்கம் மழை.

திருச்சுழிக்குப் போனபோது மாமாவிடம் புத்தகத்தைக் கொடுத்தேன். எங்கள் பக்கம் புஞ்சையைக் காடு என்போம். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ளே, கம்மாத் தரையப் படம்பிடிச்சுப் போட்டுட்டுக் காடுங்கிறான்?" என்றார். அவர் நாவல் படிக்கிறவர் அல்ல. படத்தைப் படித்துவிட்டார்.

வற்றிய கண்மாயின் வண்டல் ஓடு ஓடாய்ப் பிளந்து கிடக்கும். கரிசல் காட்டின் வெடிப்பு வேறு. அது பஞ்சத்தின் அடையாளம் அல்ல, மண்ணின் சுபாவம். களி மிகுந்த அந்த மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நன்றாக விளைந்த வருஷத்துக் கோடையிலும் வெடிக்கும். முதல் மழை அந்த வெடிப்பின் வழியாகத்தான் ஆழத்துக்கு இறங்குகிறது. மேல்மண் உள்ளே சரிந்து நிலம் தன்னைத்தானே புரட்டிக்கொள்கிறது. ஈரத்தை நெடுநாள் பிடித்துவைத்துப் பருத்தியைக் காய்க்க வைப்பதும் இதே களிதான். சம்சாரி காரியமாகப் பார்ப்பதை நம் அட்டைக்காரர்கள் ஒப்பாரியாகப் பார்க்கிறார்கள்.

வறட்சி இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கண்மாய் பெருகாத வருஷங்களையும், பிழைப்புக்கு ஊரைவிட்டுப் போனவர்களையும் அறிவேன். ஆனால் அது மட்டுமே ஊர் அல்ல. பிரளய வெள்ளத்தைச் சிவன் சுழித்துப் பூமிக்குள் இறக்கியதால் திருச்சுழி என்று பெயர் வந்ததாகத் தலபுராணம் சொல்கிறது. வறண்ட சீமையின் ஊர் ஒன்று வெள்ளத்தால் பெயர் பெற்றிருக்கிறது. எந்த அட்டைக்காவது இது தெரியுமா?

1915இல் 'உருமாற்றம்' நூலாகும்போது, அட்டையில் அந்தப் பூச்சியை மட்டும் வரையக்கூடாது, தூரத்தில்கூடக் காட்டக்கூடாது என்று காஃப்கா பதிப்பகத்துக்கு எழுதினார். வந்தது, திறந்த கதவிலிருந்து முகத்தைப் பொத்திக்கொண்டு விலகும் ஒரு மனிதன். பூச்சி வாசகனின் மனதுக்கு விடப்பட்டது.

நம்மிடமும் முன்மாதிரி உண்டு. 1980களில் கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது படம் வரைந்தவர் கே.எம். ஆதிமூலம். அவர் திருச்சிப் பக்கத்துக்காரர், கரிசலில் பிறந்தவர் அல்ல. ஆனாலும் அவருடைய கோடுகள் யாரிடமும் பரிதாபம் யாசிக்கவில்லை. ஆகவே வெளியூர்க்காரன் என்பது சாக்கு ஆகாது.

நண்பரிடம் கேட்டேன். "அட்டைதானே, போகட்டும்" என்றார். போகக்கூடாது. பரிதாபத்தோடு உள்ளே நுழைகிற வாசகனுக்கு அந்த நாவலின் கேலியும் கோபமும் கண்ணில் படப்போவதில்லை. எழுத்தாளன் இருநூறு பக்கத்தில் மறுத்ததை ஒரு படம் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறது. இதற்கு அவரே சம்மதிப்பதுதான் கேவலம்.

அடுத்த பதிப்புக்கு வரைபவர் நாவலை ஒருமுறை படிக்கட்டும். நேரமில்லை என்றால் தலைப்பை மட்டும் அச்சிடட்டும், கறுப்பில். கரிசல் என்றால் அந்த நிறம்தான்.