மனநல மருத்துவம் ஏலக்காட்டுக்கு வரட்டும்

தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியலில் மலையேறும் ஜீப்புகளில் வருகிறவர்களும், தோட்டத்து லயங்களிலேயே தலைமுறைகளாகக் குடியிருப்பவர்களுமான தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பில்தான் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ள சக்குபள்ளம் பகுதியின் ஏலக்காடுகள் தழைக்கின்றன. காய்ச்சல் என்றால் மருத்துவமனைக்கு ஓடும் குடும்பம், மனம் நோயுற்றால் கோடாங்கியிடமும் வேண்டுதலிலும் மாதங்களைக் கழிக்கிறது. இதை அறியாமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. எட்டும் தூரத்தில் மருத்துவம் இல்லையென்றால், எட்டுகிற இடத்தில்தான் மக்கள் நம்பிக்கையைத் தேடுவார்கள். அப்படித் தேடிப் போன குடும்பங்கள் விட்டுவந்தவர்களில் 28 பேர், 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் சங்கிலியோடு தீக்கிரையானார்கள்.

கேரளத்தில் அரசு மனநல மையங்கள் மூன்று. அவை திருவனந்தபுரத்திலும் திருச்சூரிலும் கோழிக்கோட்டிலும் இருக்கின்றன. மலையில் ஒன்றுகூட இல்லை. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால், மனநோய்க்கான சிகிச்சை பெரும்பாலும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீள்வது. மருத்துவரைப் பார்க்கப் போகும் ஒவ்வொரு முறையும் நோயாளியின் ஒரு நாள் கூலி போகிறது. துணைக்கு வருபவரின் கூலியும் போகிறது. அதனால் சிகிச்சை பாதியில் நிற்கிறது.

மாத்திரை பாதியில் நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில மாத்திரைகள் காலையிலும் தூக்கக் கலக்கம் தரும். சில கையை நடுங்கவைக்கும். ஏலக்காய் எடுப்பதோ, செடியின் அடியில் குனிந்து விளைந்த காயை மட்டும் பார்த்துக் கிள்ளும் வேலை. ஜீப்பைத் தவறவிட்டவரும் விரல் நடுங்குகிறவரும் மாத்திரையைத்தான் முதலில் கைவிடுவார்கள். அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ இதைச் சரிசெய்ய முடியும். அதற்கு நோயாளி தன் மொழியில் சொல்ல வேண்டும். கேட்பவருக்கு அது புரிய வேண்டும்.

சட்டம் இதைச் சலுகையாகப் பார்க்கவில்லை. அணுகக்கூடிய தூரத்தில் சிகிச்சை, புரியும் மொழியில் விவரம், அரசு மருத்துவமனைகளில் அத்தியாவசிய மருந்துகள் இலவசம் ஆகியவற்றை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாக்கியிருக்கிறது.

மனநல மருத்துவர்களே போதாதபோது சிறிய பஞ்சாயத்துக்கு இது சாத்தியமா என்று கேட்கலாம். பஞ்சாயத்துக்கு ஒரு மனநல மருத்துவர் வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. 2008-ல் வலிநிவாரணப் பராமரிப்புக் கொள்கையை அறிவித்த கேரளம், படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களின் வீட்டுக்கே உள்ளாட்சிகள் மூலம் செவிலியரை அனுப்பிக் காட்டியது. கோழிக்கோட்டைத் தலைமையிடமாகக் கொண்ட மென்டல் ஹெல்த் ஆக்‌ஷன் டிரஸ்ட், உள்ளூர்த் தன்னார்வலர்களின் துணையோடு ஏழை மனநோயாளிகளுக்கு இலவச சிகிச்சை அளித்துவருகிறது. வழி தெரியாமல் இல்லை. அதை ஏலமலைக்கு நீட்டுவதுதான் பாக்கி.

வார விடுமுறை நாளில் மாதம் ஒருமுறை மனநல முகாம் நடக்க வேண்டும். அதில் தமிழ் பேசும் ஆலோசகர் இருக்க வேண்டும். இடுக்கியில் தொடங்கிய சிகிச்சை தேனியில் தொடரவும், தேனியில் தொடங்கியது இங்கே தொடரவும் இரு மாவட்ட நிர்வாகங்களும் ஏற்பாடு செய்ய வேண்டும். சிகிச்சை நாளுக்குக் கூலியும், தேறி வருபவருக்குப் பழைய வேலையும் தருவதைத் தோட்ட உரிமையாளர்கள் கடமையாகக் கொள்ள வேண்டும். உழைத்துச் சம்பாதித்த கூலியைப் போல நோயாளியின் தலையை நிமிர்த்துவது வேறில்லை.

அதுவரை யாரும் காத்திருக்க வேண்டாம். டெலி மானஸ் சேவையின் 14416 எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். உங்கள் லயத்தில் யாராவது சாப்பாட்டையும் பேச்சையும் விட்டு ஒதுங்கியிருந்தால், இன்றே அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அந்த எண்ணை நீங்களே அழைத்துக் கொடுங்கள்.