ஹாலை அடைக்கும் ஃபிலோடென்ட்ரான்: முதலில் வேரைப் பாருங்கள்!

நர்சரியில் வாங்கும்போது ஒரு சாண் உயரம்தான். சோபா பக்கத்தில் வைத்தால் அழகாக இருக்குமே என்று கொண்டுவந்த செடி, நான்கைந்து வருடங்களில் சோபாவையே நகர்த்த வைத்துவிடும். முறம் அளவுக்கு இலைகள், ஒரு பக்கமாகச் சாய்ந்த தண்டு. திடீரென்று ஒரு நாள் இலைகள் மஞ்சளாகத் தொடங்கும்.

உடனே வீட்டில் இரண்டு யோசனைகள் வரும். ‘தண்ணீர் போதவில்லை, இன்னும் ஊற்று’ என்பது ஒன்று. ‘பெரிய தொட்டியாக வாங்கி மாற்றிவிடலாம்’ என்பது இன்னொன்று. நன்றாக வளர்ந்த செடியைப் பல வீடுகளில் பறிகொடுப்பது இந்த இரண்டாலும்தான்.

உங்கள் செடி எந்த வகை?

மணி பிளான்ட், சேம்பு, கருணை எல்லாம் இருக்கும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது ஃபிலோடென்ட்ரான். மத்திய, தென் அமெரிக்கக் காடுகள்தான் தாயகம். கிரேக்க மொழியில் இந்தப் பெயருக்கு ‘மரத்தை நேசிப்பது’ என்று பொருள். பல வகைகள் மரத்தைப் பற்றி ஏறும் கொடிகள். நம் ஊர் நர்சரிகளில் ‘செலோம்’ என்று விற்பது, ஓரம் ஆழமாக வெட்டுப்பட்ட பெரிய இலைகளோடு தன் தண்டிலேயே நிற்கும் வகை. தாவரவியலாளர்கள் 2018-ல் இதை வேறு பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். பராமரிப்பு மட்டும் மாறவில்லை.

மஞ்சள் இலை சொல்லும் சேதி

அடியில் உள்ள பழைய இலை எப்போதாவது ஒன்று பழுத்து விழுந்தால் கவலை வேண்டாம். ஒரே நேரத்தில் பல இலைகள் மஞ்சளானால், மண்ணுக்குள் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் தண்ணீர் அதிகம். வேர் அழுக ஆரம்பித்திருக்கலாம். ஊற்றிய தண்ணீர் நிற்காமல் அடியில் ஓடிவிட்டு, மறுநாளே செடி வாடினால், தொட்டியில் மண்ணைவிட வேர்தான் அதிகம் என்று அர்த்தம். அடித் துளையில் வேர் எட்டிப் பார்ப்பதும் அதே அறிகுறிதான். இப்படி இருந்தால் மட்டும் தொட்டியை மாற்றுங்கள்.

தொட்டி மாற்றும் முறை

சித்திரை, வைகாசி வெயிலும், ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் இதற்கு ஏற்றதல்ல. ஆடி, ஆவணி அல்லது தை, மாசியில் செய்யலாம்.

முதல் நாள் நன்றாகத் தண்ணீர் விடுங்கள். மறுநாள் இலைகளை ஒரு பழைய துணியால் தளர்வாகச் சேர்த்துக் கட்டி, இரண்டு பேராகத் தொட்டியைப் படுக்கவையுங்கள். நீளமான கத்தியை உள்சுவரை ஒட்டிச் சுற்றிவிட்டு, அடித்தண்டைப் பிடித்து மெதுவாக இழுங்கள். தண்டை மட்டும் முரட்டுத்தனமாக இழுத்தால் ஒடிந்துவிடும். வெளிர் நிறத்தில் கெட்டியாக இருப்பவை நல்ல வேர்கள். கறுத்துக் கொழகொழவென்று இருப்பதை வெட்டிவிடுங்கள்.

புதிய தொட்டி பழையதைவிட இரண்டு அங்குலம் அகலமாக இருந்தால் போதும். அதற்கும் பெரிதானால், வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கி அழுகல் வரும். பெரிய தொட்டிக்கு இடமே இல்லையா? வெளிச்சுற்று வேரில் கால் பங்கைச் சீவிவிட்டு, புது மண் போட்டு அதே தொட்டியில் வைக்கலாம்.

செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் எடுத்து, ஒரு கைப்பிடி கரித்துண்டு சேருங்கள். அடியில் ஜல்லி நிரப்புவதால் வடிகால் கூடாது. துளையை ஓர் ஓட்டுச்சில்லால் லேசாக மறைத்தாலே போதும். முன்பிருந்த ஆழத்திலேயே நட்டு, இரண்டு வாரம் நிழலில் வையுங்கள். ஒரு மாதத்துக்கு உரம் வேண்டாம்.

ஒன்றைப் பலவாக்க

கொடி வகையில், கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டித் தண்ணீரில் வைத்தால் சில வாரங்களில் வேர்விடும். கணு இல்லாத வெறும் இலை எத்தனை மாதம் வைத்தாலும் செடியாகாது.

செலோம் வகையில், அடியில் முளைக்கும் பக்கக் கன்றை அதன் வேரோடு பிரிப்பதே சுலபம். தண்டு நீண்டு சாய்ந்துவிட்டால் விண் பதியம் கைகொடுக்கும். விழுதுபோல் வேர் தொங்கும் இடத்தில் ஈரமான தேங்காய் நாரைச் சுற்றி, பாலித்தீன் கவரால் கட்டுங்கள். மாதுளைக்குப் போலப் பட்டையை உரிக்க வேண்டியதில்லை. உள்ளே வேர் நிறைந்ததும் அதற்குக் கீழே வெட்டி நடலாம். தொட்டியில் மிஞ்சும் அடித்தண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அதுவும் துளிர்க்கும்.

கவனம்!

சேம்பும் கருணையும் நாக்கில் அரிக்குமே, அதே ஊசிப் படிகங்கள் இதன் இலையிலும் தண்டிலும் உண்டு. வெட்டும்போது கையுறை அவசியம். தவழும் குழந்தையும் கடித்துப் பார்க்கும் நாய், பூனையும் உள்ள வீட்டில் எட்டாத இடத்தில் வையுங்கள். வெட்டிய துண்டுகளையும் உடனே அப்புறப்படுத்துங்கள்.

தொட்டி மாற்றியதும் சில இலைகள் தொங்கினால் பதற வேண்டாம். வெளிச்சம் வரும் ஜன்னலோரத்தில், நேர் வெயில் படாமல் வைத்து, மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர் விடுங்கள். சுருட்டிய பாய்போல ஒரு புதிய இலை எழும்பி வந்தால், வேர் பிடித்துவிட்டது என்று நிம்மதியடையலாம்.