ஹெட்டுக்காக ஓர் எஞ்சின்

பழைய டீசல் எஞ்சினை உதிரிப் பாகங்களுக்காக வாங்கலாமா என்று கேட்பவர்கள், பெரும்பாலும் விலையைச் சொல்லிவிட்டுத்தான் கேள்வியையே ஆரம்பிக்கிறார்கள். "2,500 வெள்ளி சொல்றாங்க, வாங்கலாமா?" விலைக்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது. அந்த எஞ்சினிலிருந்து உங்களுக்கு எது வேண்டும்?

இந்தக் கேள்வி இப்போது பல வீடுகளில் எழுவதற்குக் காரணம் உண்டு. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளியாக ஏறியது. பூடி மடானி உதவியாக மாதம் 200 வெள்ளி கிடைத்தவர்கள் சமாளித்தார்கள். புது வண்டிக்குத் தவணை கட்ட முடியாதவர்கள், இருக்கும் பழைய பிக்அப்பையே இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம் என்று முடிவெடுத்தார்கள். சாலாக் செலாத்தானில் இருக்கும் என் சித்தப்பாவும் அப்படித்தான். அவருடைய மிட்சுபிஷி எல்200 ஸ்டோர்ம்தான் கல்யாண வீடுகளுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் கூடாரமும் நாற்காலியும் ஏற்றிப் போகிறது. குடும்பத்துக்குச் சோறு போடுவதும் அதுதான். தண்ணீர் கொதித்து அதன் ஹெட் விரிசல் விட்டதும், சான் சவ் லின் பக்கம் ஒரு தவுக்கேயிடம் அதே எஞ்சின் முழுசாக இருப்பதாக ஃபோர்மேன் சொன்னார். ஹெட்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஸ்பேருக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். "ரேடியோவுல எல்லாத்தையும் பேசுறியே, நீயும் வந்து பாருடா" என்று என்னையும் கூட்டிப் போனார். எங்கள் நிகழ்ச்சிக்கு வந்த மெக்கானிக்குகளைக் கேள்வி கேட்டே நான் கற்றுக்கொண்ட பாடம் கொஞ்சம் இருந்தது.

அந்த வட்டாரத்தில் எஞ்சினுக்குப் பஞ்சமில்லை. பக்கத்து ஊருக்குப் பெயரே சுங்கை பெசி, இரும்பு ஆறு! கிள்ளான், காப்பார் பக்கம் போனால் ஹாஃப் கட் கடைகளில் ஜப்பானிலிருந்து வந்த பாதி வண்டிகள் வரிசையாகக் கிடக்கும். ஜப்பானில் வண்டி பழசானால் கட்டாயப் பரிசோதனைக்கே பெரிய செலவு. போதாதற்கு, 2003 அக்டோபரில் தோக்கியோவும் அதைச் சுற்றியுள்ள மாநிலங்களும் புகைத் தரத்தை எட்டாத டீசல் லோரிகளும் பேருந்துகளும் ஓடத் தடை போட்டன. அங்கே ஓட முடியாதது எல்லாம் ஓட்டை என்று அர்த்தமில்லை. நல்ல எஞ்சினும் வரும், செத்த எஞ்சினும் வரும். இரண்டுக்கும் கழுவிப் பளபளப்பாக்கும் தண்ணீர் ஒன்றுதான்.

முதல் சோதனை, பெயர் ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்றா என்பது. சித்தப்பாவின் வண்டியில் இருப்பது 4டி56. பின்னால் வந்த டிரைட்டனிலும் 4டி56 உண்டு. அளவும் அதே 2,477 சிசி. ஆனால் பழையதில் எட்டு வால்வு, ஒரே கேம்ஷாஃப்ட், இயந்திர பம்ப். டிரைட்டனில் வந்தது பதினாறு வால்வு, இரண்டு கேம்ஷாஃப்ட், காமன் ரெயில். ஒன்றின் ஹெட் மற்றொன்றில் உட்காராது. "சேம் சேம்லா பாஸ்" என்று கடைக்காரர் சொன்னாலும், கழற்றிய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் அருகில் வைத்துப் பார்ப்பதுதான் நல்லது.

அடுத்தது, அந்த எஞ்சின் ஏன் கழற்றப்பட்டது? பின்னால் இடி வாங்கிய வண்டியின் எஞ்சின் என்றால் நம்பிக்கை வைக்கலாம். கொதித்து நின்ற எஞ்சின் என்றால், உங்களுக்கு வேண்டியதும் ஹெட்டே என்றால், ஒரு நோயாளியிடம் இன்னொரு நோயாளி ரத்தம் கேட்கும் கதைதான். எண்ணெய் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பால் கலந்த கோப்பி நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் தண்ணீரும் எண்ணெயும் கலந்திருக்கலாம். அடியில் கொஞ்சம் எண்ணெயை வடித்து வெயிலில் காட்டுங்கள். அதில் செம்பு நிற மினுமினுப்பு தெரிந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது. கிராங்க்ஷாஃப்ட்டின் மேல் ஆசை வைக்க வேண்டாம்.

பிறகு கிராங்க் புல்லியின் போல்ட்டில் நீண்ட கம்பி போட்டு, எஞ்சின் சுழலும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டரும் தம் வேலையை ஒருமுறை முடிக்க இரண்டு சுற்று வேண்டும். டைமிங் பெல்ட் அறுந்திருந்தால் சுற்றவே கூடாது. வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அசையவே மறுக்கும் எஞ்சினை முழு எஞ்சினாக மதிக்காதீர்கள். எடை போட்டு, அன்றைய பழைய இரும்பு விலையோடு ஒட்டிப் பேரம் பேசுங்கள்.

ஓடும் எஞ்சின் என்று சொன்னால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் அதுவே ஒரு பதில். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். விடாத வெள்ளைப் புகை, எரியாத டீசலாகவோ தண்ணீராகவோ இருக்கலாம். இந்தப் பழைய டீசலில் அழுத்த விகிதம் 21க்கு 1. பெட்ரோல் காரில் பாதியளவுதான். பெட்ரோல் எஞ்சினுக்கான கேஜ் இதைத் தாங்காது, டீசலுக்கு உரியதுதான் வேண்டும். நான்கு சிலிண்டருக்கும் தனித்தனியே அழுத்தம் எடுத்து, ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தாழ்ந்து கிடக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். காதை வைத்துப் பிழைப்பவன் என்பதால் எனக்கு இந்த இடம் பிடிக்கும். டீசல் எப்போதும் தட்டிக்கொண்டுதான் ஓடும், ஆனால் தாளம் தப்பாது.

உதிரி என்று வரும்போது பணம் ஒளிந்திருப்பது பம்ப்பிலும் இன்ஜெக்டரிலும் டர்போவிலும்தான். பம்ப்பில் மிச்சமிருக்கும் டீசலை ஒரு கண்ணாடிக் கிளாஸில் பிடியுங்கள். துருவோ தண்ணீரோ தெரிந்தால் உள்ளே அரித்திருக்கும். டர்போவின் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் மெல்லிய ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் உணரும்படி நகர்ந்தாலோ, இறக்கை சுவரில் உரசியிருந்தாலோ வேண்டாம். காமன் ரெயில் எஞ்சின் என்றால், பல இன்ஜெக்டர்களின் தலையில் ஒரு குறியீடு இருக்கும். மாற்றும்போது அதை வண்டியின் கணினியில் ஏற்ற வேண்டும். அது அழிந்துபோயிருந்தால் விலையும் குறைய வேண்டும்.

இனி கணக்கு. அடுத்த ஓராண்டுக்குள் உங்களுக்கு நிச்சயம் தேவைப்படும் பாகங்களை மட்டும் கூட்டுங்கள். "என்றைக்காவது உதவும்" என்பதைக் கூட்டாதீர்கள். அடுக்குமாடி வீட்டில் அந்த என்றைக்காவதை எங்கே வைப்பது? சித்தி கேட்ட முதல் கேள்வியே அதுதான். கேஸ்கெட், ஹெட் போல்ட், டைமிங் பெல்ட், தெர்மோஸ்டாட் எதையும் பழையதிலிருந்து எடுத்துப் போடாதீர்கள். அந்தச் செலவு தனி. கழற்றும் கூலி, லோரி வாடகை, ஹெட்டைச் சமன்படுத்தும் கூலி எல்லாம் அதன் மேல்.

சித்தப்பா விஷயத்தில் நாங்கள் கேட்டது ஒன்றுதான்: முன்பணம் தருகிறோம், ஹெட்டைக் கழற்றி அழுத்தச் சோதனைக்கு அனுப்புவோம், கசிந்தால் பணம் திரும்ப வேண்டும். தவுக்கே கொஞ்சம் முனகிவிட்டுச் சம்மதித்தார். இரண்டாவது சிலிண்டரில் இரு வால்வுகளுக்கு நடுவே முடி போல ஒரு விரிசல். இந்த எஞ்சினுக்குப் பிற நிறுவனங்கள் செய்யும் புது ஹெட் சந்தையில் கிடைக்கிறது. சித்தப்பா அதையே போட்டுக்கொண்டார், ரேடியேட்டரையும் மாற்றினார். கொதித்ததற்குக் காரணமே அதுதானே.

வாங்குவது என்று முடிவானால் தாள்களை மறக்காதீர்கள். எஞ்சின் எண் பிளாக்கில் பொறிக்கப்பட்டிருக்கும். ஹெட்டையோ பம்ப்பையோ மாற்றினால் அந்த எண் மாறாது. பிளாக்கையே மாற்றினால் கிரணில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போகாது; ஜேபிஜே அனுமதியும் வாகனப் பரிசோதனையும் தேவைப்படும். அப்போது கடையின் ரசீதையும், இறக்குமதிச் சரக்கென்றால் சுங்கத்துறையின் கே1 பாரத்தின் நகலையும் கேட்பார்கள். எண் சுரண்டப்பட்ட எஞ்சின் பக்கம் போகவே வேண்டாம். திருட்டுப் பொருளென்று தெரிந்து வாங்குவது தண்டனைச் சட்டம் 411இன் கீழ் குற்றம். ரசீதில் எஞ்சின் எண்ணையும் எழுதச் சொல்லி, எஞ்சின் லோரியில் ஏறுவதற்கு முன்பே வாங்கிக்கொள்ளுங்கள்.