அம்மாயிக்கு எத்தனை வயசு?

முதுமை பற்றி நிறைய வாசிச்சோம். 'இக்கிகாய்' இன்னும் கைமாறிக்கிட்டே இருக்கு. நூறு வயசின் இரகசியத்தை ஒக்கினாவாவிலயும் சார்டினியாவிலயும் தேடுறாங்க. கிடைச்ச பதில்: மலை ஏறுங்க, மரக்கறி சாப்பிடுங்க, கடைசி வரை வேலையை விடாதீங்க.

இதைத்தானே இரத்தினபுரியிலயும் கேகாலையிலயும் எங்க அம்மாயிமார் செய்றாங்க? விடியக்காலையில றப்பர் மரத்தடி. இல்லாட்டி கொழுந்துக் கூடையோட மலை. பேர் வெட்டின பிறகும் கைக்காசு வேலை. அவங்க முழங்கால் வலியைப் பற்றி நாங்க வாசிச்ச எதுவும் பேசல.

2024ல ஆய்வாளர் சோல் நியூமனுக்கு இக் நோபல் பரிசு கிடைச்சுது. நூறு தாண்டியவர்களுக்குப் பேர்போன இடங்கள் பலவற்றில் பிறப்பு, இறப்புப் பதிவே ஒழுங்கில்லை என்பது அவர் வாதம்.

அங்கே பதிவு பிழைச்சா ஆயுசு கூடுது. தோட்டத்துல பிழைச்சா? பிறப்புப் பத்திரத்துல ஒரு பேர், அடையாள அட்டையில இன்னொரு பேர். சம்பளத்துல 8 வீதம் வெட்டி, நிர்வாகம் 12 வீதம் போட்டுச் சேர்த்த சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயசுல எடுக்கலாம் என்கிறது சட்டம். பேர் பொருந்தாட்டி சத்தியக்கடதாசியோட அலையணும்.

முதுமை வெறும் மனநிலை இல்லை. அது காசு, கடதாசி, சொந்தக் கூரை. இதைச் சொல்லாத புத்தகங்களை நாங்களும்தான் பகிர்ந்தோம். அந்தத் தப்பை ஒத்துக்கிறோம்.

அடுத்த புத்தகம் வாங்க முன்ன அம்மாயியோட அடையாள அட்டையை எடுத்துப் பாருங்க. பேர் சரியா இருக்கா?