பொதிக்குள்ளே ஒரு விட்டில்

அல்மாரிக்குப் பின்னால், சுவரோரமாக, பூசணி விதை அளவில் சாம்பல் நிறப் பொதியொன்று மெல்ல நகர்வதைக் கண்டிருப்பீர்கள். தும்புத்தடியால் தட்டிவிட்டு மறந்தும் போயிருப்பீர்கள். அதற்குள் ஒரு புழு இருக்கிறது. மண் துகள், நூல், தூசு ஆகியவற்றைத் தன் பட்டிழையால் பிணைத்து அது தைத்துக்கொண்ட சட்டையே அந்தப் பொதி. உடுப்பரிக்கும் அந்துப்பூச்சிக்கு அது நெருங்கிய சொந்தம்.

இம்மாதம் நாம் பார்க்கப் போவது அதையல்ல, அதைப் போலவே பொதி சுமக்கும் இன்னொரு குடும்பத்தை. தேயிலைச் செடிகளிலே சுள்ளிகளை நீளவாக்கில் அடுக்கிக் கட்டிய சின்ன விறகுக்கட்டுப் போல ஒன்று தொங்கும். மலைநாட்டுச் சகோதரிகளுக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. விலங்கியலார் ‘சைக்கிடே’ என்று அழைக்கும் இக்குடும்பத்தில் உலகெங்கும் 1,300க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. நம் நாட்டில் இது தோட்டக்காரருக்குத் தொல்லை. இங்கிலாந்திலோ இக்குடும்பத்தின் சில இனங்கள் அபூர்வமானவை. அவற்றைத் தேடித் திரிவோர் அங்கே இருக்கிறார்கள்.

அவற்றுள் ஒன்றுதான் ‘எபிக்னோப்டெரிக்ஸ் புளுமெல்லா’. பெயர்தான் வாய்க்குள் நுழையாதது. ஆள் மிகச் சிறியவன். விரித்த இறக்கைகள் ஒன்றேகால் சென்ரிமீற்றர்தான் வரும். புள்ளியோ கோடோ இல்லை, முழுக்கக் கரி நிறம். இந்த இனத்தையும் இதன் உறவுகளையும் புகைபோக்கி துடைக்கும் தொழிலாளியின் பெயரால் ஆங்கிலேயர் அழைப்பதும் அதனாலேயே. விட்டில் என்றால் இரவில் விளக்கைச் சுற்றும் என்று நினைக்கிறோம். இதுவோ மே, ஜூன் மாதங்களில், நல்ல வெயில் உள்ள காலை வேளையில், புல்லுக்கு மேலே தாழ்வாகப் பறக்கும். பார்ப்பவர்கள் ஏதோ கறுப்பு ஈ என்றே கடந்து போவார்கள். இரவில் விளக்குப்பொறி வைத்து விட்டில்களைக் கணக்கெடுப்பவர்களின் கையிலும் இது அகப்படாது. ஆகவே இதை அரிது என்று எழுதும்போது, உண்மையில் குறைந்துதான் இருக்கிறதா, அல்லது பார்க்க வேண்டிய நேரத்தில் எவரும் பார்க்கவில்லையா என்ற கேள்வி எனக்கு எழுவதுண்டு. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம்.

பறப்பதெல்லாம் ஆண்தான். பெண்ணுக்கு இறக்கை கிடையாது. கால்களும் பேருக்குத்தான். புழுவாக இருந்தபோது புல்லிதழ்களைக் கொண்டு கட்டிய பொதியிலேயே தங்கி, ஒரு வாசனையை மட்டும் காற்றில் அனுப்பும். ஆண் அதைத் தன் இறகு போன்ற உணர்கொம்புகளால் பிடித்துத் தேடி வரும். பெண் முட்டையிடுவதும் அதே பொதிக்குள்ளேதான். ஆணுக்கும் உண்ண வாயில்லை. சில நாட்களே அதன் ஆயுள்.

இதிலே ஒரு பெரிய இக்கட்டு இருக்கிறது. ஆண் எவ்வளவு தூரம் பறந்தாலும் புதிய இடத்தில் ஒரு குடும்பத்தை உண்டாக்க முடியாது, முட்டையைச் சுமப்பவள் நகர்வதில்லையே! ஒரு புல்வெளியை உழுதுவிட்டால் அங்கிருந்த கூட்டம் அத்தோடு முடிந்தது. பக்கத்து நிலத்திலிருந்து பறந்து வந்து குடியேற எந்தப் பெண்ணும் இல்லை. எந்தப் புல்வெளியில் இருக்கிறது என்று முன்பே குறித்து வைத்திருந்தாலன்றி, அழிந்தது கூடத் தெரியாமற் போய்விடும்.

அடையாளம் காண்பதற்குப் பொறுமை வேண்டும். ஈயா, விட்டிலா என்பதை முதலில் தீர்க்க வேண்டும். ஈக்கு இரண்டே இறக்கைகள், அவையும் கண்ணாடி போன்றவை. விட்டிலுக்கு நான்கு, அவற்றின் மேல் மென்தூள் போலச் செதில்கள் இருக்கும். அடுத்து, கரிநிற உறவுகள் பல உண்டு. உருவத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், உணர்கொம்பையும் செதிலின் வடிவத்தையும் உருப்பெருக்கியால் பார்ப்பார்கள். பொதியும் சாட்சி சொல்லும். சில இனங்கள் மணலால் கட்டும், சில சுள்ளியால். இது ஒரு சென்ரிமீற்றர் நீளத்தில், புல்லிதழ்களை நெடுக்காக ஒட்டிக் கட்டும்.

பிறகு பதிவு. என்ன, எங்கே, எப்போது, யார் கண்டது என்ற நான்கு விடயங்கள் போதும். அங்கே மாவட்டந்தோறும் ஒரு பதிவாளர் இருக்கிறார். அநேகர் சம்பளமில்லாமல் செய்கிறார்கள். சந்தேகமான குறிப்பென்றால் படமோ பூச்சியோ காட்டாமல் ஏற்கமாட்டார்கள். பெரிய விட்டில்களுக்காக 2019இல் அவர்கள் வெளியிட்ட வரைபட நூல் 2 கோடி 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட குறிப்புகளைக் கொண்டு எழுந்தது. நமது கரிநிறச் சின்னவனுக்கு அந்நூலில் இடமில்லை. அவன் ‘நுண் விட்டில்’ வரிசையைச் சேர்ந்தவன்.

இவனுக்கு 1775இல் பெயர் சூட்டியவர்கள், வியன்னாவின் தெரேசியானம் கல்லூரியில் ஆசிரியர்களாக இருந்த டெனிஸ், ஷிஃபர்மில்லர் என்ற இருவர். ஊரைச் சுற்றியுள்ள வண்ணத்திப்பூச்சிகளையும் விட்டில்களையும் சேர்த்துப் பட்டியலிட்டார்கள். சேர்த்த பூச்சிகள் 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது அரண்மனையில் மூண்ட தீயில் எரிந்துபோயின. பட்டியல் அச்சாகியிருந்தபடியால் பெயர்கள் தப்பின.

பிள்ளைகள் வளவிலிருந்து இப்படியொரு பொதியைக் கொண்டுவந்தால் கிழித்துப் பார்க்க விடாதீர்கள். எந்தச் செடியில் இருந்தது என்று கேட்டு, திகதியோடு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். அதே செடியின் கொப்பொன்றோடு போத்தலில் இட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி வையுங்கள். இலை வாட வாட மாற்ற வேண்டும். சில வாரங்களின் பின் பொதியின் கீழ்நுனியில் வெறுந்தோலொன்று நீட்டிக்கொண்டிருந்தால் ஆண் வெளிவந்துவிட்டது என்று அர்த்தம். துணியை அவிழ்க்குமுன் போத்தலுக்குள் நன்றாகப் பாருங்கள். தோல் எதுவும் நீட்டாமல் பொதி அப்படியே இருந்தால், உள்ளே இருப்பது பெண்ணாக இருக்கக்கூடும்.