வாய்ப்பாடு வரவில்லை, நட்சத்திரக் கொத்து அகப்பட்டது!

கார்த்திகை மாதம் இருட்டியதும் கிழக்கு வானத்தைப் பாருங்கள். சின்னதாக ஒரு மல்லிகைக் கொத்து போல ஆறு நட்சத்திரங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அதுதான் கார்த்திகை. கண்ணுக்குத் தெரிவது ஆறு என்றாலும், உண்மையில் அங்கே இருப்பவை ஆயிரத்துக்கும் மேல். ஒரே வாயு மேகத்தில் பிறந்து, இன்னும் பிரியாமல் சேர்ந்தே நகரும் உடன்பிறப்புகள். இதற்குப் பெயர்தான் நட்சத்திரக் கொத்து.

கார்த்திகையை யாரும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. மற்ற பல கொத்துகள் அப்படியல்ல. வெறும் கண்ணுக்குத் தெரியாத அவற்றைத் தேடிப் பிடித்தவர்களில் ஒருவர், வீட்டு வேலைக்கென்றே வளர்க்கப்பட்ட ஒரு பெண்.

கரோலின் ஹெர்ஷல் 1750-ல் ஜெர்மனியின் ஹனோவரில் பிறந்தார். பத்து வயதில் வந்த டைபஸ் காய்ச்சலால் வளர்ச்சி நின்றுபோனது. கடைசிவரை உயரம் நாலேகால் அடிதான். 'இவளுக்குப் படிப்பு எதற்கு? வீட்டு வேலை பார்க்கட்டும்' என்பது அம்மாவின் முடிவு. 1772-ல் அண்ணன் வில்லியம் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துப்போனார். தங்கை பார்த்த வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ள அம்மாவுக்கு ஆண்டுதோறும் பணம் தர ஒப்புக்கொண்ட பிறகே அது நடந்தது!

வில்லியம் இசைக் கலைஞர். வானத்தின் மீது பைத்தியம். தொலைநோக்கிக்கான கண்ணாடியை அவரே தேய்ப்பார். ஒரு முறை 16 மணி நேரம் கை எடுக்காமல் தேய்த்தபோது, அவருக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டவர் கரோலின். 1781-ல் வில்லியம் யுரேனஸைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டே மன்னரின் வானியலாளர் ஆனார். தங்கைக்கும் ஒரு சிறிய தொலைநோக்கி கிடைத்தது.

முதலில் கரோலினுக்கு அது பிடிக்கவில்லை. கூப்பிட்டால் ஏனென்று கேட்க ஆள் இல்லாத, பனி மூடிய புல்வெளியில் ராத்திரி முழுக்கத் தனியாக நிற்க வேண்டும். ஆனாலும் நின்றார்.

1783 பிப்ரவரி 26. பெருநாய் மண்டலத்தில் மங்கலாக ஒரு கொத்து தெரிந்தது. வால்நட்சத்திரம் என்று ஏமாந்துவிடக் கூடாதென்று பிரான்ஸ் வானியலாளர் மெசியே தயாரித்திருந்த பட்டியலைப் புரட்டினார். கார்த்திகைக்கு அதில் 45-வது இடம். இந்தக் கொத்தோ அதில் இல்லவே இல்லை. புதுசு! இன்றைய பட்டியல்களில் அதன் பெயர் என்ஜிசி 2360. 'கரோலினின் கொத்து' என்பது செல்லப் பெயர். அதே ஆண்டில் காசியோப்பியா மண்டலத்தில் இன்னொன்று அகப்பட்டது. இதழ் இதழாகச் சுழன்றிருப்பதால் அது 'கரோலினின் ரோஜா'.

தங்கையின் வேட்டையைப் பார்த்துவிட்டு அண்ணனும் பெரிய தொலைநோக்கியோடு அதே தேடலில் இறங்கினார். சுமார் இருபது ஆண்டுகளில் சேர்ந்தவை ஏறக்குறைய 2,500. அவர் பார்த்துச் சொல்லச் சொல்ல, எழுதியதும் கணக்குப் போட்டதும் கரோலின். இத்தனைக்கும் அவருக்கு வாய்ப்பாடு கடைசிவரை மனப்பாடம் ஆகவில்லை. காகிதத்தில் எழுதிக் கையோடு வைத்துக்கொண்டார்.

1783-ன் கடைசி நாள் இரவு. பனியில் வழுக்கி விழுந்தவரின் காலில் தொலைநோக்கியின் இரும்புக் கொக்கி பாய்ந்து சதையைப் பிய்த்தது. காயம் ஆறியதும் மறுபடி வானத்துக்கே திரும்பினார். பின்னாளில் எட்டு வால்நட்சத்திரங்களையும் கண்டார்.

1787-ல் மன்னர் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு சம்பளம் நிர்ணயித்தார். தன் இஷ்டப்படி செலவழிக்கக் கிடைத்த முதல் பணம் அதுதான் என்று பின்னர் நினைவுகூர்ந்தார். அப்போது அவருக்கு வயது 37. 1828-ல் லண்டன் வானியல் கழகம் தங்கப் பதக்கம் கொடுத்தது. 97 வயதுவரை வாழ்ந்தார்.

அவர் பார்த்ததை நாமும் பார்க்கலாம். பிப்ரவரி இரவில், ஊர் விளக்குகள் எட்டாத இடத்துக்குப் போங்கள். வானத்திலேயே அதிகம் ஜொலிக்கும் நட்சத்திரமான சிரியஸைக் கண்டுபிடியுங்கள். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் வரும் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவாக, அதிலிருந்து கிழக்கே பைனாகுலரை நகர்த்துங்கள். ஊதிவிட்ட விபூதி போல மங்கலாக ஒரு திட்டு தெரியும்.

வீட்டில் வாய்ப்பாடு வராத பிள்ளை இருந்தால், கூடவே அழைத்துப் போங்கள்.